பாக்கு நீரிணைக் கரையும் வானொலியும்

நிலத்தில் எல்லை வகுப்போர் கல் நாட்டுவர், அகழி தோண்டுவர், வேலி அமைப்பர். கடலில் வகுக்கும் எல்லைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. 1974ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாக்கு நீரிணையில் ஓர் எல்லைக்கோடு பிறந்தது. அக்கோடு நிலநேர்க்கோட்டு அளவுகளாகத் தாளில் உள்ளதேயன்றி நீரின்மேல் யாண்டும் காணப்படுவதன்று. இரவில் வலை விரிப்பவன் அதனைக் கண்ணாற் காணான். பிறர் சொல்லக் கேட்டே அறிதல் வேண்டும். சொல்லுதற்கும் கேட்டற்கும் உரிய கருவிகளுள் வானொலி ஒன்று. இராமநாதபுரக் கடற்கரையில் அக்கருவி எவ்வாறு வந்தது, யாருடைய குரலைக் கொணர்ந்தது, அக்கரையின் குரலைத் தானே எப்போது ஏற்றுக்கொண்டது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வானொலி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் நிலையங்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்நகரில் எத்துணைக் கிலோவாட்டு ஆற்றலுடன் நிலையம் தோன்றிற்று என்பதே அவர்கள் கணக்கு. அக்கணக்கு வேண்டுவதே. ஆயினும் ஒலிபரப்பு என்பது இருதலைப் பொருள். ஒலிப்பவன் ஒரு தலை, கேட்பவன் மறுதலை. கேட்பவன் இருக்கும் கரையில் நின்று நோக்கினால் வரலாற்றின் வரிசையே சில இடங்களில் மாறிவிடுகின்றது. இதற்குப் பாக்கு நீரிணைக் கரை நல்லதொரு சான்று.

தென்னாட்டில் ஒலிபரப்பின் தொடக்கம் 1924ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு மே மாதத்தில் சி. வி. கிருட்டிணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, ஜூலைத் திங்கள் இறுதியில் ஒலிபரப்பத் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அது நின்றுபோகவே, 1930 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. கடலுக்கு அப்பால் கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் நாள் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கப்பெற்றது. சென்னைக் கழகத்திற்கு ஓராண்டு பிற்பட்டது எனினும், இடையறவுபடாது நிலைத்தது கொழும்பு நிலையமே. அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16இலும் எழுந்தன.

இனி, தொலைவைக் கருதுவோம். இராமேசுவரத்திலிருந்து வான்வழியே அளந்தால் திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 180 கிலோமீட்டர். கொழும்பு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். சென்னையோ 430 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே 1939க்கு முன் இக்கரைக்கு அணித்தாயிருந்த ஒலிபரப்பு நிலையம் கொழும்பே என்பது பெறப்படும். அக்காலத்து இக்கடலைக் கடத்தல் அயல்நாடு சேறலாகக் கருதப்பட்டதும் இல்லை. 1914 முதல் தனுசுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. சென்னையில் பயணச்சீட்டுப் பெற்றவர் இருப்பூர்தியும் கப்பலுமாக மாறி ஏறிக் கொழும்பு சென்று இறங்கினர். நீரிணை அன்று வேலியாக இல்லை, வழியாகவே இருந்தது.

திருச்சிராப்பள்ளி நிலையம் வந்தபின் அரசு ஒலிபரப்பு ஊர்ப்புறங்களை எட்டிற்று. ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு பெட்டி, மாலையில் அதனைச் சூழ்ந்த கூட்டம், உழவு பற்றிய உரையாடல், பிறகு செய்தி என்ற காட்சி தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு நெடுங்காலம் உரியதாயிற்று. அதன் பயனை யாம் குறைத்துக் கூறோம். ஆடுதுறை 27 என்னும் நெல்வகையைத் தஞ்சை உழவர் 'வானொலி நெல்' என்றே வழங்கினர் என்பது ஒலிபரப்பு வரலாற்றில் பொன்போற் போற்றத்தக்க செய்தி. ஆராய்ச்சிப் பண்ணையில் பிறந்த ஒரு வித்துக்குத் திருச்சி வானொலி பெயர் ஈந்தது. 1966 முதல் வானொலி நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவுகள் அமைக்கப்பட்டமையும் இவ்வெற்றியை ஒட்டியதே. ஆனால் அப்பெயரை நோக்குக. பண்ணை மருதத்திற்கு உரியது. நெய்தல் நிலத்தார்க்கு அவ்வொலிபரப்பு அளித்தது பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை: மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டா என்பது. உழவனிடம் வானொலி நெடுநேரம் உரையாடிற்று; மீனவனுக்கு அது ஆணையிட்டு நின்றது.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுசுக்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட இருப்பூர்தி பயணிகளோடு கடலுள் மறைந்தது. ஊர் பின்னர் மக்கள் வாழத் தகாத இடம் என அறிவிக்கப்பட்டது. ஓர் ஊரையே அழித்த அவ்விரவு, எச்சரிக்கை என்பது கடலோர மக்களுக்கு எத்தகைய பொருள் என்பதைத் தமிழ்நாட்டுக்கு உணர்த்திற்று.

இவ்விடத்தில் இலங்கை வானொலியைப் பற்றி விரிவாகக் கூறுதல் வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமையின்பொருட்டு இலங்கையில் வலிமை மிக்க சிற்றலை நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. போர் முடிந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வணிக ஒலிபரப்புத் தொடங்கிற்று. அப்பொழுது இந்தியாவில் நிகழ்ந்த ஒன்று அதற்குப் பெருந்துணை புரிந்தது. 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பா. வி. கேசுகர் திரையிசையைத் தாழ்வாக மதித்து, அனைத்திந்திய வானொலியில் அதன் இடத்தைச் சுருக்கினார். கேட்போர் சுருங்கவில்லை, அலைமுள்ளைத் திருப்பிக் கொழும்புக்குச் சென்றனர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் 'விவித பாரதி' தொடங்கப்பெற்றது இவ்விழப்பை ஈடுசெய்தற்கே என்பதில் ஐயமில்லை.

இந்நிகழ்ச்சியை அறிஞர் பலரும் இசைக்கொள்கையின் வரலாறாகவே எழுதியுள்ளனர். இசையளவில் நில்லாது வேறொன்றும் அதன்கண் உண்டு என்பது எம் கருத்து. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் பாடல் விரும்பிக் கேட்டவர்தம் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. பிறந்தநாள் வாழ்த்தில் தாய், தந்தை, அண்ணன், தங்கை, பாட்டி என உறவு முழுதும் வரிசையாகச் சொல்லப்பட்டது. தம் நாட்டு வானொலியில் ஒருநாளும் ஒலித்திராத சிற்றூர்ப் பெயர்கள் அயல்நாட்டுத் தலைநகரிலிருந்து பிழையறத் தமிழில் ஒலித்தன. 'உள்ளூர் ஒலிபரப்பு' என்பதற்கு இலக்கணம் அலைவரிசையின் ஆற்றல் குறைவன்று. ஊரின் பெயர் ஒலிப்பதே என்று கொண்டால், தமிழகக் கரைக்கு முதல் உள்ளூர் ஒலிபரப்பை நல்கியது கொழும்பே என்று கூறுதல் மிகையாகாது. இது முரண்போலத் தோன்றும். ஆயினும் கேட்பவன் நின்ற கரையிலிருந்து நோக்குவார்க்கு முரண் இல்லை.

தமிழ் மொழியும் அவ்வொலிபரப்பால் பெற்றது பெரிது. சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியில் தமிழ் நிகழ்ச்சிகளைப் பேணி வளர்த்தவர்; பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்னும் பெயரை வழங்கியவர். 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூல் யாத்தவர். எழுத்துத் தமிழைக் காதுக்கு உரியதாக்குவது எவ்வாறு என்பதை முறைப்பட ஆராய்ந்த முன்னோடி நூல்களுள் அஃது ஒன்று. தமிழ்த் துறைகளில் உரைநடை வரலாறு பயிற்றுவோர் அந்நூலைப் பாடமாக வைக்காமை எமக்கு வியப்பாகவே உள்ளது.

இவ்வாறு இருந்த கடலில் 1974இல் கோடு விழுந்தது. கச்சத்தீவு கோட்டுக்கு அப்பாற் சென்றது. அத்தீவுக்கு இந்திய மீனவரும் திருவிழாவுக்குச் செல்வோரும் முன்போலவே சென்றுவரலாம் என உடன்படிக்கை கூறியது. 1976 மார்ச்சு 23ஆம் நாள் எழுந்த கடிதப் பரிமாற்றமோ, ஒரு நாட்டு மீனவர் மற்றொரு நாட்டுக் கடலில் மீன்பிடித்தல் கூடாது என வரையறுத்தது. வலைக்குத் தடை வந்தது, அலைக்கு வரவில்லை. இலங்கைத் தமிழ் ஒலிபரப்பு அதன்பின்னும் கேட்டது. 1983க்குப் பின் இக்கடல் ஏதிலியர் கடக்கும் கடலாயிற்று. மண்டபம் முகாமில் தங்கியோர் விட்டுவந்த ஊரின் நிலையை வானொலி வழியாகவே அறிய முயன்றனர். போர்க்காலத்து ஒலிபரப்புகளின் வரலாறு தனியே எழுதத்தக்கது. ஈண்டு அதனுள் புகுந்திலம்.

அரசுகளும் இக்கடலைக் குறித்து வலிமையான நிலையங்கள் அமைத்தன. இலங்கையை நோக்கி ஒலிபரப்புதற்கென்றே தூத்துக்குடியில் 200 கிலோவாட்டு ஆற்றலுடைய நிலையம் நிறுவப்பெற்றது. இத்தகைய நிலையம் எல்லையைக் கடந்து பேசுதற்கு உரியது. எல்லையில் வாழ்வாரோடு பேசுதல் அதன் நோக்கமன்று. இவ்விரண்டும் வேறுவேறு. ஒலிபரப்புக் கொள்கையில் நெடுங்காலம் இவை வேறுபடுத்தி உணரப்படவில்லை.

வேறுபாடு முதன்முதல் செயலில் தோன்றிய இடமும் தமிழகத்தின் எல்லைப்புறம் ஒன்றேயாம். 1984 அக்டோபர் 30ஆம் நாள் நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் திறக்கப்பெற்றது. திருவிதாங்கூரோடு இருந்து 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டத்திற்கு அணித்தாயிருந்த பெருநிலையங்கள் இரண்டு: மலையாள நாட்டுத் திருவனந்தபுரம் ஒன்று; 1963இல் தோன்றிய திருநெல்வேலி மற்றொன்று. இரண்டற்கும் இடைப்பட்ட ஒரு மாவட்டத்திற்கு அதன் சொந்தக் குரல் வேண்டும் என்பது அந்நிலையத்தால் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் அதுவும் அரசு நிலையமே.

அரசின் கையிலிருந்து அலைவரிசை ஊராரிடம் வருதற்கு ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது. வான் அலைகள் பொதுச்சொத்து என உச்சநீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் வாயில் திறந்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் நாட்டின் முதற் சமுதாய வானொலியாக ஒலித்தது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமை விரிந்தது. தெலுங்கு நாட்டுப் பசுதாபூரை அடுத்து, சிற்றூர்ப் பெண்கள் நடத்தும் 'சங்கம் வானொலி' 2008இல் தோன்றியது இதன் பயன்.

பாம்பனில் 'கடல் ஓசை' என்னும் பண்பலை வானொலி 90.4 அலைவரிசையில் 2016 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. மீனவர்க்கென்றே மீனவர் குடியிருப்புகளின் நடுவே எழுந்த நிலையம் அது. காற்று, அலை, கடல்வளம், காவலான மீன்பிடிப்பு, எல்லை ஆகியவை அதன் பொருள்கள். அவற்றைப் பேசுவோர் அக்கரையினரே; பேசும் மொழியும் அக்கரையினதே. இறுதியிற் கூறிய இதுவே தமிழ்த் துறையினர் கருதத்தக்கது. அதனை ஒரு சிறு சான்றால் விளக்குவோம்.

நிகண்டு நூல்கள் காற்றை நான்காக வகுக்கும். கீழ்காற்று கொண்டல், தென்காற்று தென்றல், மேல்காற்று கோடை, வடகாற்று வாடை. சங்கப் பாடல்களிலும் இவ்வழக்கு உண்டு. காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய சோழரின் முன்னோனைப் புறநானூற்றின் 66ஆம் பாடல் போற்றுதலும் அறிவோம். இந்நான்கனுள் கொண்டலும் வாடையும் இன்றும் கடற்கரையில் வழங்குகின்றன. தென்றல் வழங்கவில்லை, அது கவிஞர்க்கு உரியதாகிவிட்டது. அதன் இடத்தில் சோழகம் நிற்கின்றது. கோடை என்பது பருவத்தின் பெயராகி ஒதுங்க, அதன் இடத்தைக் கச்சான் கொண்டது. கோணத்திசைக் காற்றுகளைக் குறிக்க இவற்றையே இணைத்து வாடைக்கொண்டல், சோழகக்கொண்டல் எனத் தொகைச்சொல் ஆக்குவர். நான்கு சொற்களைக்கொண்டு எண்டிசையும் சுட்டும் இம்முறை எத்துணைச் செப்பமுடையது! இதே சொற்கள் யாழ்ப்பாணத்திலும் வழங்குகின்றன. எல்லைக்கோடு இச்சொற்களைப் பிரிக்கவில்லை.

வானிலை அறிக்கையின் மொழியோ வேறு. தென்மேற்குத் திசையிலிருந்து மணிக்கு இத்துணைக் கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும் என்பது அதன் வாய்பாடு. பிழையற்ற தமிழே. ஆயினும் கலத்தில் இருப்பவன் திசையைத் திசைப்பெயரால் எண்ணுவதில்லை. காற்றின் பெயரால் எண்ணுகின்றான். பாக்கு விரிகுடாவை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் வழங்குவான். ஆழத்தைப் பாகத்தால் அளப்பான். அறிக்கையின் சொல் அவன் சொல்லாக மாறும்வரை அஃது அறிவாகாது. அம்மாற்றத்தைச் செய்பவர் ஒருவர் இடையே வேண்டும். உள்ளூர் வானொலியில் பேசுவோர் இயல்பாகவே அப்பணியைச் செய்ய வல்லவர். இது மொழிபெயர்ப்பு, தமிழிலிருந்து தமிழுக்குச் செய்யும் மொழிபெயர்ப்பு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் நிகழ்த்திய பேரிழப்பை அறிந்தோர், எச்சரிக்கை எந்த நேரத்தில் எந்த மொழியில் சென்று சேர்ந்தது என்ற வினா வெறும் மொழியியல் வினா அன்று என்பதை உணர்வர்.

இனி, சட்டத்தின் வரம்புகளைக் காண்போம். சமுதாய வானொலிக்கு 2006ஆம் ஆண்டின் நெறிமுறைகள் வரையறுத்த ஒலிபரப்பாற்றல் பொதுவாக 100 வாட்டு. அலைக்கோபுரத்தின் உயரம் 30 மீட்டர். தூத்துக்குடி நிலையத்தின் ஆற்றலில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இதன் ஒலி நிலத்தில் ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் செல்லும். தடையற்ற கடல்மேல் சற்று மிகுதியாகவும் செல்லும். நகர்ப்புறக் கல்லூரிக்கு இது போதும். பாம்பனில் இதன் பொருள் வேறு. மீனவன் கடலுள் செல்லச் செல்ல ஒலி மெலிகின்றது. எல்லைக்கோட்டை அணுகும்போது, எந்த இடத்தில் எச்சரிக்கை மிகவும் வேண்டப்படுமோ அந்த இடத்தில், தன் ஊர் வானொலி அவனுக்குக் கேளாது போகலாம். அவ்விடத்தில் இலங்கைப் பண்பலை நிலையங்களின் தமிழ் தெளிவாகக் கேட்கும். நிலத்தையே எண்ணி வகுத்த வரம்பு கடலுக்குப் பொருந்தாமையே காரணம். கடற்கரை நிலையங்களுக்குத் தனி வரம்பு வேண்டும் என்பது எம் துணிபு.

செய்தி பற்றிய தடை மற்றொன்று. செய்தியும் நடப்பு அரசியலும் சமுதாய வானொலியில் கூடா என அந்நெறிமுறைகள் விதித்தன. எல்லைக்கு அப்பால் ஒரு படகு சிறைப்பட்டதாகக் கொள்வோம். தலைநகர நாளிதழுக்கு அது செய்தி; இரு நாட்டு அமைச்சகங்களுக்கு அது அரசியல். அப்படகில் சென்றவனுடைய தெருவுக்கோ அது செய்தியும் அன்று, அரசியலும் அன்று, வீட்டு நிகழ்ச்சி. அடுத்த வீட்டில் உள்ள நிலையம் அதனைச் சொல்ல இயலாமல் பாடல் ஒலிபரப்ப நேர்வது பொருத்தமுடைத்தா? தடை விதித்தோரின் அச்சம் முற்றிலும் அடிப்படையற்றது என யாம் கூறவில்லை. எல்லைப்புறத்தில் பொய்ச்செய்தி தீங்கு விளைக்கும் என்பது உண்மையே. ஆனால் மெய்ச்செய்தி கூறுதற்கு ஊரில் ஒருவரும் இல்லாதபோதே பொய்ச்செய்தி விரைந்து பரவும் என்பதும் அத்துணை உண்மை.

அந்நெறிமுறைகளில் தமிழாய்வுக்கு உவப்பான பகுதியும் உண்டு. நிகழ்ச்சிகளில் பாதிக்குக் குறையாத பகுதி ஊர் மக்களின் பங்கேற்பால் உருவாதல் வேண்டும். இயன்றவரை ஊர்மொழியிலும் வட்டார வழக்கிலும் அமைதல் வேண்டும் என்பன அவை. வட்டார வழக்கை ஒலிபரப்புக்குரிய மொழியாக அரசு ஆவணம் ஒன்று ஏற்றுக்கொண்டமை சிறிய செய்தியன்று. திருச்சியிலும் சென்னையிலும் 'வானொலித் தமிழ்' என ஒன்று உருவான காலத்தில் வட்டார வழக்குக்கு நாடகத்தில் நகைச்சுவைப் பாத்திரத்தின் வாயிலேயே பெரும்பாலும் இடம் கிடைத்தது.

ஆயின் ஒலிபரப்பியவற்றைப் பேணிக்காக்கும் கடமை மூன்று திங்களுக்கே விதிக்கப்பட்டுள்ளது. குற்றச்சாட்டு எழுந்தால் ஆராய்தற்கு அக்கால அளவு போதும் என விதித்தோர் கருதினர் போலும். சிறு நிலையங்கள் பொருள்வளம் அற்றவை. கடமை முடிந்தபின் பழைய பதிவை அழித்து இடம் காண முற்படுவதைக் குறைகூறல் இயலாது. ஆனால் காற்றின் பெயர் அதன் பருவத்திலேயே பேச்சில் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையைப் பற்றிப் பேசுவர். ஆனி, ஆடியில் கச்சானையும் சோழகத்தையும் பற்றிப் பேசுவர். மூன்று திங்களுக்கு ஒருமுறை அழிக்கப்படும் பதிவில் ஓர் ஆண்டின் காற்றுகள் நான்கும் ஒருங்கே ஒருபோதும் இரா. வாடை பற்றிய பேச்சு கார்த்திகையிற் பதிவானால் மாசி முடியுமுன் அதனைக் கேட்டு எழுதுதல் வேண்டும். கச்சான் பற்றியதை ஐப்பசிக்குள். கரையோர மாவட்டங்களில் தமிழ்த் துறையுடைய கல்லூரிகள் பல உள. ஒரு நிலையத்திற்கு ஒரு மாணவர் என அமைத்துப் பருவந்தோறும் பதிவுகளைப் பெற்று வைப்பின், பாம்பன் வழக்கையும் மன்னார் வழக்கையும் ஒப்புநோக்கும் பணியை அடுத்த ஆண்டே தொடங்கலாம்.